பூநாரைகள் நடுவே ஒரு பெண் பார்த்தல்

துபாய் விமான நிலையத்தின் வெளிவாசலில், கம்பித் தடுப்புக்கு அந்தப்பக்கம் பெருங்கூட்டம் நின்றது. பெயர் எழுதிய அட்டைகள், பூங்கொத்துகள், தோளில் தூக்கிய குழந்தைகள். ஆளாளுக்கு ஒரு மொழியில் கத்திக்கொண்டிருந்தார்கள். என் தம்பி நிஜாம் மட்டும் கத்தவில்லை. தூரத்தில் ஒரு தூண் ஓரமாக நின்று, கையை உயர்த்தி, "சாப்பிட்டியா?" என்று கேட்டான். "விமானச் சாப்பாட்டை வாயில் வைக்க முடியவில்லை" என்று நானும் கையாலேயே சொன்னேன். "உம்மா?" "நன்றாக இருக்கிறார்." "பெட்டியில் உம்மா கிண்டிய தொதல் இருக்கிறதா?" "இருக்கிறது." தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு நான் அவனை எட்டுவதற்குள் வீட்டுச் செய்திகளில் பாதி பேசி முடித்தாகிவிட்டது. என்னோடு விமானத்தில் வந்த மலையாளத்து அம்மா இன்னும் தன் மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நிஜாமுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. என்னைவிட ஒன்பது வயது இளையவன். மதுரையில் விடுதியோடு கூடிய பள்ளியில் படித்து, அச்சு வேலை கற்று, இப்போது ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் லேபிள் அச்சிடும் மெஷினில் வேலை பார்க்கிறான். பள்ளியில் அவன் கற்ற சைகை வேறு; எங்கள் வீட்டுச் சைகை வேறு. வீட்டுச் சைகை நானும் உம்மாவும் அவனுமாகச் சமையலறையில் உண்டாக்கிக்கொண்டது. பள்ளிச் சைகை எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை. ஆஸ்பத்திரி, பேங்க், பாஸ்போர்ட் அலுவலகம் எங்கே போனாலும் அவனுக்கு வாய் நான்தான்.

எங்கள் கீழக்கரையில் பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போவதைச் 'சபர்' என்பார்கள். வாப்பா சபர் போனார். என் கணவர் சபர் போய்ப் போதும் என்று திரும்பி வந்து மருந்துக்கடை வைத்தார். எங்கள் வீட்டில் சபர் கிளம்பிய முதல் பெண் நான்தான். ஊர் பார்க்க அல்ல. உம்மா ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார்.

நிஜாம் உம்மாவுக்கு ஒரு பெண்ணின் படத்தை அனுப்பியிருந்தான். பெயர் ரிஸ்னா. இலங்கையில் புத்தளத்துப் பெண். அல் குசைஸில் ஒரு கேக் கடையில் வேலை. அவளுக்கும் காது கேட்காது. இவளைத்தான் நிக்காஹ் செய்வேன் என்று எழுதியிருந்தான்.

உம்மாவுக்கு நாடு ஒரு பொருட்டில்லை, குடும்பமும் பொருட்டில்லை. ஒரே ஒரு கேள்விதான். "ரெண்டு பேருக்கும் காது கேக்காதுண்டா, நாளைக்கு ஒரு பிள்ளை பொறந்து அழுதா யாருக்குக் கேக்கும்? அது பாட்டுக்கு அழுதுக்கிட்டே கெடக்குமா?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போய்ப் பாரு. பாத்துட்டு, பக்குவமா நீயே வேணாண்டு சொல்லிட்டு வா. நீ சொன்னாத்தான் கேப்பான்" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அல் குசைஸில் என் சின்னம்மா மகள் ஜீனத்தின் வீட்டில் தங்கினேன். கட்டடத்தின் கீழே ஒரு கேரளத்து ஹோட்டல், ஒரு சலூன், நம்மூர்க் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் அடுக்கிய மளிகைக்கடை. லிஃப்டில் எல்லோரும் இந்தி பேசினார்கள். ஜீனத்தின் பிள்ளைகள் என்னிடம் ஆங்கிலத்தில் சலாம் சொல்லாத குறை. "லாத்தா, நீங்க தமிழ்லயே பேசுங்க, அதுங்களுக்குப் புரியும், பதில் மட்டும் வராது" என்றாள் ஜீனத். இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் கறி ஆணமும் செய்திருந்தாள். கடல் தாண்டி வந்தும் நாக்கு கீழக்கரையை விட்டு நகரவில்லை. நிஜாம் மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டுக் தன் தொழிலாளர் கேம்புக்குப் பஸ் பிடிக்கப் போனான்.

மறுநாள் மாலை டூட்டி முடிந்து வந்து என்னை மெட்ரோவில் கூட்டிப்போனான். கூட்டம் நெருக்கியதில் நான் ஏறிவிட்டேன், அவன் ஏறவில்லை, கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவன் முகம் நகர்ந்து போனதும் எனக்கு வியர்த்தது. இவனுக்குக் காது கேட்காதே, அறிவிப்பு புரியாதே, எங்கே தேடுவேன் என்று அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் தவித்தேன். போனில் செய்தி வந்தது: "அங்கேயே நில். பதறாதே. தண்ணீர் குடி." அடுத்த வண்டியில் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினான். தொலைந்து போனது அவனில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கேக் கடைக்கும் அன்றைக்கே போனோம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், தலையில் வெள்ளைத் துணி இறுகக் கட்டிய மெலிந்த பெண் ஒருத்தி, கேக்கின் விளிம்பில் க்ரீமைப் பிழிந்து ரோஜா போட்டுக்கொண்டிருந்தாள். நிஜாம் கூப்பிடவில்லை. கடைக்காரரிடம் தலையசைக்க, அவர் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார். உள்ளே ஒரு விளக்கு மினுக்கியது. அவள் நிமிர்ந்தாள். நிஜாமைப் பார்த்த அந்த ஒரு நொடியில் அவள் முகத்தில் வந்ததைப் பார்த்ததும், நான் சொல்ல வந்திருந்த சொல்லைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பையிலிருந்து தொதலை எடுத்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சலாம் சொல்வதுபோல் நெஞ்சில் கை வைத்தாள். போனில் தட்டிக் காட்டினாள்: "தாத்தா, பயணம் சுகமா?"

தாத்தாவா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டியிருக்கிறேன்தான். அதற்காகத் தாத்தாவா? நிஜாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவர்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றும், அண்ணனை நானா என்றும் சொல்வார்களாம். நாங்கள் லாத்தா என்போம். ஓர் எழுத்துதான் வித்தியாசம். நான் கொண்டுபோன தொதலை ஒரு துண்டு வாயில் போட்டு, கண்ணை மூடி, போனில் எழுதினாள்: "எங்கட ஊர்த் தொதல் மாதிரியே இருக்கு. உங்கடதுல கொஞ்சம் இனிப்புக் கூட."

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசத் தொடங்கினார்கள். விரல்கள் பறந்தன. புருவம் ஏறி இறங்கியது. சிரித்தார்கள், சண்டை போட்டார்கள், மறுபடி சிரித்தார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. முப்பது வருடமாக நிஜாம் பேசுவதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவள் நான். அங்கே, கேக் வாசனைக்கு நடுவில், அவன் பேசுவதை எனக்கு யாராவது எடுத்துச் சொல்ல மாட்டார்களா என்று உட்கார்ந்திருந்தேன். கோபமா, பொறாமையா என்று தெரியவில்லை. ஏதோ ஒன்று உள்ளே சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்ததும் உம்மா போன் செய்தார். "பாத்தியா?"

"பாத்தேன்மா."

"சொல்லிட்டியா?"

"இல்லம்மா. நாளைக்கு அவஹளுக்கு லீவு. எங்கேயோ படகுல கூட்டிட்டுப் போறேண்டு சொல்றாஹ. அங்க வச்சுச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டாக்ஸியில் உம்முல் குவைன் கிளம்பினோம். நான் கூட வருகிறேன் என்றதும் ரிஸ்னாவின் அண்ணன் அனுமதி கொடுத்திருந்தார். "நானா ஓம் எண்டு சொல்லிட்டார்" என்று முதல் நாள் இரவே எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். எங்கள் வீட்டு 'ண்டு'வும் அவர்கள் வீட்டு 'எண்டு'ம் ஒரே தெருவில் பிறந்தவை போலிருந்தன.

டாக்ஸிக்காரர் எங்களை இடம் மாற்றி மீன் துறையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். படகுக்குப் போகணும் என்றேன். "இதெல்லாம் படகு இல்லாமல் வேறென்ன?" என்று இந்தியில் கேட்டார். நியாயமான கேள்விதான். துறை முழுக்கப் படகுகள்தாம். பாறை மீன் பெட்டிகளுக்கு நடுவே ரிஸ்னா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்து, வங்காளத் தொழிலாளி ஒருவரிடம் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். அவர் கையாலேயே வழி சொன்னார். இடது, பிறகு வலது, பிறகு ஒரு பள்ளிவாசல், அப்புறம் ஒரு பெரிய விசிறி. விசிறியைக் காட்ட அவர் தன் கையைச் சுழற்றிய வேகத்தில் நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அவர் சொன்னது சரிதான். படகில் ஆள் உயரத்துக்கு ஒரு விசிறி இருந்தது. அடிப்பாகம் தட்டு மாதிரி தட்டையானது. பின்னால் கூண்டுக்குள் விசிறி, அதற்கு முன்னால் உயரமான இருக்கையில் ஓட்டுநர், அவருக்கு முன்னால் நாங்கள். நீருக்குள் சுழலும் எதுவும் கிடையாது என்பதால் முழங்கால் ஆழத்திலும் ஓடுமாம். எங்கள் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகில் கூட்டிப்போவார்கள். அதில் மீன் துள்ளுகிற சத்தம்கூடக் கேட்கும். இதில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வழிகாட்டியும் ஓட்டுநரும் ஒருவரேதான். கரீம் பாய், பாகிஸ்தானின் கடற்கரை ஊர்க்காரர். எங்களோடு இன்னொரு குடும்பமும் வந்தது. சென்னையிலிருந்து வந்து அபுதாபியில் இருக்கும் எஞ்சினியர் ஒருவர், அவர் மனைவி, நான்கு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. குழந்தையின் பெயர் நிலா.

கரீம் பாய் எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டினார். பிறகு காதை மூடும் பெரிய உறைகளைக் கொடுத்தார். நிஜாம் வேண்டாம் என்று கையசைத்தான். "பாய், இது ரூல்ஸ். சத்தம் அதிகம், காது போய்விடும்" என்றார் கரீம் பாய்.

"அவங்களுக்கு ஏற்கெனவே போயிடுச்சு" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். கரீம் பாய் திகைத்து, நெஞ்சில் கை வைத்து, மன்னிக்கச் சொல்வதுபோல் குனிந்தார். நிஜாம் அவர் தோளில் தட்டிவிட்டு, உறையை வாங்கி அழகுக்கு மாட்டிக்கொண்டான்.

"விசிறி ஓடும்போது யாரும் யாரிடமும் பேச முடியாது. கையால்தான் பேச வேண்டும்" என்று கரீம் பாய் பாடம் நடத்தினார். கட்டை விரலைத் தூக்கினால் எல்லாம் நலம். வயிற்றில் கை வைத்தால் குமட்டல். உள்ளங்கையை உயர்த்தினால் உடனே நிறுத்து. எஞ்சினியர் மூன்றையும் குழப்பிக்கொண்டார். கரீம் பாய் நிஜாமையும் ரிஸ்னாவையும் காட்டி, "இவர்களைப் பார்த்துச் செய்யுங்கள்" என்றார்.

விசிறி சுழன்றதும் படகு துள்ளிப் பாய்ந்தது. உறைக்குள்ளும் அந்த இரைச்சல் மண்டையைக் குடைந்தது. இருக்கை நடுங்கியது, பல் நடுங்கியது. நானும் எஞ்சினியரின் மனைவியும் ஒருவருக்கொருவர் ஏதோ கத்திப் பார்த்து, தோற்று, சிரித்து, விட்டுவிட்டோம். எனக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்த நிஜாமும் ரிஸ்னாவும் மட்டும் என் மடிக்கு மேலே கைகளை நீட்டிப் பேசிக்கொண்டே வந்தார்கள். அந்தப் படகில் பேச்சு இருந்தது அவர்கள் இருவரிடம்தான்.

இரண்டு பக்கமும் குட்டையான கண்டல் மரங்கள். அலையாத்தி என்று நாங்கள் சொல்வதை ரிஸ்னா கண்டல் என்று எழுதிக் காட்டியிருந்தாள். உப்பு நீருக்குள் கால் ஊன்றி, பச்சை மாறாமல் நின்றன. பின்னால் மணல். அதற்கும் பின்னால் நகரத்தின் கட்டடங்கள் பென்சிலால் கோடிழுத்ததுபோலத் தெரிந்தன. தெளிந்த நீரில் ஓர் ஆமை எங்களைப் பார்த்துவிட்டு அவசரமே இல்லாமல் கீழே போனது. நீர்க்காகங்கள் ஒரு மணல்திட்டில் வரிசையாக நின்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. அப்புறம் தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு. கரீம் பாய் விரலை நீட்டினார். பூநாரைகள்.

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினோம். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த எஞ்சினியர் ஒரு கையில் போனைப் பிடித்துப் படம் எடுத்தார். மறு கையால் குழந்தையை அணைத்திருந்தார். நிலா அவர் மடியில் திரும்பி உட்கார்ந்து, அவர் தோளில் தாடையை வைத்து, பின்புறமாக எங்களைப் பார்த்தபடி இருந்தாள். அவள் அம்மாவும் பறவையைத்தான் பார்த்தார். நானும்தான்.

என் பக்கத்தில் ரிஸ்னா சட்டென்று எழுந்தாள். பின்னால் திரும்பி, கரீம் பாயைப் பார்த்து, உள்ளங்கையை உயரத் தூக்கினாள். ஒரு தடவை இல்லை, விடாமல் தூக்கிக்கொண்டே இருந்தாள்.

விசிறி நின்றது. இரைச்சல் அடங்கியது. நான் உறையைக் கழற்றினேன். அப்போதுதான் கேட்டது. நிலா அலறி அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய காது உறை எப்போதோ நழுவிக் கழுத்துக்கு வந்திருந்தது. அந்த இரைச்சல் முழுவதும் நேராக அவள் காதுக்குள் போயிருக்கிறது. முகம் சிவந்து, மூச்சு வாங்கி, வாய் பிளந்து அழுதிருக்கிறாள். படகே நடுங்கியதால் மடியில் பிள்ளை நடுங்கியது அப்பாவுக்குத் தெரியவில்லை. ஒரு கை தூரத்தில் இருந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. காது உள்ள பெரியவர்கள் எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

"ஐயோ, எனக்குக் கேக்கவே இல்லையே!" என்று அந்த அம்மா குழந்தையைப் பிடுங்கி நெஞ்சில் அணைத்துக்கொண்டார். எஞ்சினியர் போனை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் வைக்கப் போய்க் கீழே போட்டார். ரிஸ்னா அவர்கள் முன்னால் மண்டியிட்டாள். குழந்தையின் இரண்டு காதுகளையும் தன் உள்ளங்கைகளால் மூடித் திறந்தாள். மூடித் திறந்தாள். அது விளையாட்டு என்று நிலாவுக்குப் புரிய ஐந்தாறு தடவை பிடித்தது. பிறகு விக்கல்தான் மிச்சம்.

நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். உம்மாவின் கேள்வி என் மடியிலேயே கிடந்தது. அதை எடுத்து யாரிடம் நீட்டுவது என்று தெரியவில்லை.

கரீம் பாய் மெதுவாகக் கிளப்பப் பார்த்தார். படகு அசையவில்லை. நாங்கள் நின்ற இடம் வெறும் சேறு. நீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். ஓடும்போது வழுக்கிப் போகிற தட்டை அடிப்பாகம் நின்றதும் சேற்றில் ஒட்டிக்கொண்டது. முழு வேகத்தில் விசிறியைச் சுழற்றினால் கிளம்பலாம், ஆனால் இவ்வளவு பக்கத்தில் பறவைகள் இருக்கும்போது அதைச் செய்ய மாட்டேன் என்றார். "கொஞ்ச நேரத்தில் தண்ணீர் திரும்பும். அதுவரை உட்காருங்கள். கலாஸ், அவ்வளவுதான்."

உட்கார்ந்தோம். வேறு வழி? எஞ்சினியரின் மனைவி எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைத் திறந்தார். ஜீனத் கட்டிக்கொடுத்த முட்டைப் பரோட்டாவை நான் எடுத்தேன். கரீம் பாயின் பிளாஸ்கில் ஏலக்காய் போட்ட கரக் சாயா இருந்தது. தொதல் எல்லோர் கையிலும் ஒட்டிக்கொண்டது, கரீம் பாயின் மீசையிலும் கொஞ்சம். எஞ்சினியர் என்னிடம் மெல்ல, "அவங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு காட்டுங்க" என்றார். எனக்குத் தெரிந்தது வீட்டுச் சைகைதான். அதைக் காட்டினேன். அவர் செய்தார். ரிஸ்னாவுக்குப் புரியவில்லை. நிஜாம் திருத்திக் காட்டினான். ஏழு பேர் ஏறிய படகில் மொழிபெயர்ப்பாளரையே திருத்த வேண்டியதாயிற்று.

சத்தமில்லாமல் இருந்ததால் பூநாரைகள் எங்களை மறந்துவிட்டன. சேற்றில் ஒவ்வொரு அடியாக வைத்து, தலையைக் கவிழ்த்து நீரைச் சலித்துக்கொண்டே கிட்டத்தில் வந்தன. அவ்வளவு அருகில் பார்த்தால் சிவப்பு ஒரே சிவப்பு இல்லை. குஞ்சுகள் சாம்பல் நிறம். பெரியவற்றின் சிறகு ஓரத்தில் மட்டும் பளீரென்ற செம்மை. அவை தங்களுக்குள் கொக்கரித்துக்கொண்டன. நிலா வாயில் விரலை வைத்து எங்கள் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னாள்.

ரிஸ்னா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் போனை எடுத்தேன். பக்குவமாகச் சொல்ல வந்தவள், பக்குவத்தை விட்டுவிட்டு நேராகவே எழுதினேன்: "இருட்டில் குழந்தை அழுதால்?"

அவள் வாசித்தாள். என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை. இந்தக் கேள்வியை எத்தனை பேர் அவளிடம் கேட்டிருப்பார்கள் என்று அந்த முகமே சொன்னது. நிதானமாகத் தட்டினாள்: "எங்கட சினேகிதி ஒருத்தி ஷார்ஜாவில் இருக்கா. அவளுக்கும் மாப்பிளைக்கும் கேக்காது. பிள்ளை அழுதால் விளக்கு மின்னும், தலகாணி அதிரும். பிள்ளைக்கு இப்ப மூணு வயசு. நல்லா இருக்கு. நீங்க வந்து பாக்கலாம்." கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு வரி சேர்த்தாள்: "கரண்ட் போனால் என்ன செய்யிற எண்டு நான் இன்னும் யோசிக்கிறன் தாத்தா."

அந்தக் கடைசி வரிதான் என்னை அவள் பக்கம் சாய்த்தது. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அப்போது நிஜாம் அவளிடம் ஏதோ சொன்னான். சொல்லும்போது தன் வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்தான். முன்தினம் கடையிலும் அதைப் பல தடவை செய்ததைப் பார்த்திருந்தேன். அது என்ன என்று ரிஸ்னாவிடம் கேட்டேன். அவள் ஆச்சரியப்பட்டாள். "உங்களுக்குத் தெரியாதா? அது உங்கட பேர்."

காது கேளாதவர்கள் தங்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்களாம். ஹமீதா என்ற என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது அல்லவா? நிஜாம் பள்ளியில் சேர்ந்த முதல் வருடமே எனக்கு வைத்த பெயர் அது. ரோடு தாண்டும்போது அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்பவள். மதுரையில் அவன் கூட்டாளிகளுக்கும், ஜெபல் அலி கேம்பில் இருக்கும் காது கேளாத நான்கு பேருக்கும், ரிஸ்னாவுக்கும், அவள் சினேகிதிகளுக்கும் அந்தப் பெயர் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. நிஜாம் வெட்கப்பட்டுப் பறவைகளைப் பார்த்தான்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை எஞ்சினியரின் மனைவி வெயில் என்று நினைத்துத் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். மாட்டிக்கொண்டேன்.

நிஜாம் என் எதிரே வந்து உட்கார்ந்தான். எங்கள் வீட்டுச் சைகையில், சின்னதாக, யாரும் பார்க்காதபடி கேட்டான்: "உம்மா வேண்டாம் என்றாரா?"

அவனிடம் நான் பொய் சொன்னதில்லை. கைகளால் பொய் சொல்வது கடினம், முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆமாம் என்று தலையசைத்தேன்.

"நீ?"

அந்த ஒரு சைகை. சுட்டுவிரல் என் நெஞ்சை நோக்கி. சேற்றின் ஓரத்தில் நீர் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரு நண்டு அவசரமாகத் தன் வளைக்குள் ஓடியது. ரிஸ்னா வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு நிலாவுக்கு ஏதோ சைகை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தால் புரிந்துவிடும் என்று அவள் பார்க்காமல் இருந்தாள்.

"குழந்தை பிறந்தால் நான் வந்து ஒரு மாதம் இருப்பேன்" என்றேன் கையால். "கரண்ட் போனால் நான் எழுந்திருக்கிறேன். அதற்குப் பிறகு உங்கள் பாடு."

நிஜாம் சிரிக்கவில்லை. குனிந்து என் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். படகு லேசாக ஆடியது. கரீம் பாய் எழுந்து நீரைப் பார்த்து, "யல்லா, கிளம்பலாம்" என்றார். தண்ணீர் வந்துவிட்டது. நீளமான கம்பால் சேற்றை ஊன்றித் தள்ளி, விசிறியைப் போடாமலேயே வெகுதூரம் கொண்டுவந்தார். பூநாரைகள் தலையைத் தூக்கக்கூட இல்லை.

மறுநாள் மாலை ஜீனத் வீட்டில் உம்மாவைப் போனில் பிடித்தேன். நிஜாமும் ரிஸ்னாவும் சோஃபாவின் இரு ஓரத்தில், தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்களைப்போல உட்கார்ந்திருந்தார்கள்.

"சொல்லிட்டியா?" என்றார் உம்மா.

"இல்லம்மா. சொல்ல மாட்டேன்." படகில் நடந்ததை முழுவதும் சொன்னேன். ஷார்ஜா வீட்டு விளக்கையும் சொன்னேன், கரண்ட் போவதையும் மறைக்கவில்லை.

"உன்னைய எதுக்கு அனுப்புனேன், நீ என்ன செஞ்சுட்டு வந்து நிக்கிறே" என்றார். குரலில் கோபம் இருந்தது, கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. பிறகு, "அந்தப் புள்ளையக் காட்டு" என்றார்.

வீடியோவைப் போட்டேன். உம்மா வழக்கம்போலப் போனைக் காதில் வைத்துக்கொண்டதால் திரையில் அவருடைய காதும் தோடும்தான் தெரிந்தன. "உம்மா, முகத்துக்கு நேரா வைங்க!" ரிஸ்னா தலைத்துணியைச் சரிசெய்து கொண்டு முன்னால் வந்தாள். உம்மா முதலில் உரக்கப் பேசினார். சத்தமாகப் பேசினால் கேட்டுவிடும் என்பதுபோல. பிறகு நிறுத்தினார். ஒரு கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், புருவத்தை உயர்த்தினார். சாப்பிட்டியா?

அது எங்கள் சமையலறைச் சைகை. ரிஸ்னாவுக்கு அது தெரியாதே என்று நான் எடுத்துச் சொல்லக் குறுக்கே போனேன்.

"நீ ஏன் நடுவுல வந்து மறைக்கிறே? தள்ளிப் போ" என்றார் உம்மா.

தள்ளிப் போனேன். சமையலறையில் ஜீனத் தேநீர் கொதிக்கவைத்துக் கொண்டிருந்தாள். "என்ன லாத்தா, சத்தத்தையே காணோம்? முடிஞ்சு போச்சா?" என்று கேட்டாள். நானும் அப்படித்தான் பயந்தேன். தேநீர் பொங்கி, வடிகட்டி, கோப்பைகளில் ஊற்றி முடியும் வரை கூடத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்று பார்த்தேன். நிஜாம் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். அவனையும் யாரோ தள்ளி நிற்கச் சொல்லியிருக்க வேண்டும். ரிஸ்னா கன்னத்தில் கண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். திரையில் உம்மா, போனை எதன் மேலோ சாய்த்து நிறுத்திவிட்டு, இரண்டு கைகளாலும் பேசிக்கொண்டிருந்தார்.